அருகிருந்த மருத்துவர்

(உரைநடை உலகம்)

நுழையும்முன்

மருந்து உள்ள நோய்க்கு மருத்துவம் செய்வது கடமை. மருந்தே இல்லாத காலத்தில் நோயாளியின் அருகில் அமர்ந்திருப்பது அதனினும் அரிய கடமை. எச்.ஐ.வி. என்னும் வைரஸ் இந்தியாவிலும் இருக்கிறது என்பதை முதன்முதலாகக் கண்டறிந்தவர்கள் சென்னையைச் சேர்ந்த இரண்டு பெண் மருத்துவர்கள். அவர்கள் செய்த பணியையும், அத்துறையில் மருத்துவராகும் வழியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மருத்துவத்தின் நான்கு கூறுகள்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அம்மருந்தை அருகிலிருந்து கொடுப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் வகுத்துரைக்கிறது. மருந்தை மட்டும் மருத்துவம் என்று வள்ளுவர் கருதவில்லை. மருந்தைக் கொடுக்கும் கையையும் ஒரு கூறாகவே எண்ணினார்.

இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் நோய் தீர்வது கடினமாகும். 1980களில் எய்ட்ஸ் நோய் உலகிற்குத் தெரியவந்தபோது இரண்டு கூறுகள் ஒருங்கே இல்லாமற் போயின. நோயைக் கட்டுப்படுத்தும் மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. உடனிருக்க வேண்டியவர்கள் அச்சத்தால் விலகினர். சில இடங்களில் நோய் தீர்க்க வேண்டியவர்களே கதவை அடைத்தனர். நோயுற்றவர் தனித்து விடப்பட்டார். அந்நிலையில் அவருக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தவர்களுள் ஒருவர் மருத்துவர் சுனிதி சாலமன்.

தொலைவில் கேட்ட செய்தி

1981ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இளைஞர் ஐவருக்கு அரிய வகை நுரையீரல் அழற்சி ஏற்பட்டிருப்பதாக ஒரு மருத்துவ அறிக்கை வெளியாயிற்று. நலமாக இருந்த இளைஞர்களுக்குப் பொதுவாக வராத நோய் அது. அவர்களுடைய உடலின் நோய் எதிர்ப்பாற்றல் எக்காரணத்தாலோ அழிந்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1983இல், பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா பாரே-சினூசி, லூக் மோன்தாக்னியே ஆகியோர் அதற்குக் காரணமான வைரஸைப் பிரித்தெடுத்தனர். அக்கண்டுபிடிப்புக்காக 2008இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. குருதியில் அவ்வைரஸுக்கு எதிராக உண்டாகும் எதிர்ப்பொருளைக் காட்டும் ‘எலைசா’ சோதனை 1985இல் பயன்பாட்டுக்கு வந்தது.

எச்.ஐ.வி. உடலுக்குள் செய்வது என்ன? நம் குருதியில் உள்ள வெள்ளணுக்களில் ‘சி.டி.4’ என்பது ஒரு வகை. கிருமி நுழைந்தால் ஏனைய காவலணுக்களுக்கு அறிவிப்பவை அவை. எச்.ஐ.வி. நேரே அந்த அணுக்களுக்குள்ளேயே புகுந்து, அவற்றைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொண்டு, பின்பு அவற்றை அழிக்கிறது. ஊர்க்காவலரின் வீட்டிலேயே திருடன் குடியேறியதற்கு இதனை ஒப்பிடலாம். மருத்துவம் இல்லாவிடில் சில ஆண்டுகளில் காவல் தளர்ந்து, காசநோய் போன்ற பிற நோய்கள் எளிதில் உடலைப் பற்றும். அம்முற்றிய நிலைக்கே ‘எய்ட்ஸ்’ என்று பெயர். ஆகவே எச்.ஐ.வி. உள்ளவர் அனைவரும் எய்ட்ஸ் நோயாளர் அல்லர். இவ்வேறுபாட்டை அறிவது இப்பாடத்தில் மிகவும் தேவையானது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவிய இந்நோய் இந்தியாவுக்கு வராது என்றே இங்குப் பலரும் நம்பினர். அது பிறர் நாட்டு நோய், பிறர் ஒழுக்கத்தின் விளைவு என்னும் எண்ணம் வலுவாக இருந்தது. கிருமி எல்லைக்கோடுகளைப் பார்ப்பதில்லை என்பதை அறிந்திருந்த சிலர் மட்டும் ஐயுற்றனர்.

சென்னையில் தொடங்கிய தேடல்

சுனிதி, சென்னையில் தோல் வணிகம் செய்துவந்த மராட்டியக் குடும்பத்தில், ஆண்பிள்ளைகள் பலர் பிறந்த வீட்டில் ஒரே பெண்ணாகப் பிறந்தவர். ஆண்டுதோறும் தடுப்பூசி போட வீட்டிற்கு வந்த நலவாழ்வு அலுவலரைக் கண்டே அவருக்கு மருத்துவத்தின்பால் விருப்பம் உண்டாயிற்று. 1835இல் தொடங்கப்பட்ட சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். இதய அறுவை மருத்துவரான விக்டர் சாலமனை மணந்தார். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் நோய்க்குறியியல் பயிற்சி பெற்றார். தம் பணி தாய்நாட்டிற்கே மிகுதியும் தேவை என்று உணர்ந்து 1973இல் கணவருடன் சென்னைக்குத் திரும்பினார். பின்பு நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் பெற்றுத் தாம் படித்த கல்லூரியிலேயே பேராசிரியரானார்.

அக்கல்லூரியில் செல்லப்பன் நிர்மலா என்னும் மாணவி நுண்ணுயிரியலில் மேற்படிப்புப் படித்துவந்தார். அவருக்கு அப்போது வயது 32. ஆய்வேட்டிற்குப் பொருள் தேடிய அவரிடம், சென்னையில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று ஆராயலாமே என்றார் பேராசிரியர். நிர்மலா முதலில் தயங்கினார். அவர் பிறந்தது சிற்றூர். வளர்ந்தது பழமை பேணும் குடும்பம். பாலியல் நோய்களைப் பற்றிப் பேசவே கூசும் சூழல். அவருடைய கணவர் ஊக்கமளித்தார். இல்லை என்றே முடிவு வரும் என்றுதான் பலரும் எண்ணியிருந்தனர்.

யாரிடமிருந்து குருதி மாதிரிகளைப் பெறுவது என்பது அடுத்த வினா. பாலியல் தொழிலில் ஈடுபட்டமைக்காகத் தடுத்து வைக்கப்பட்ட பெண்கள் சென்னையில் ஒரு காப்பகத்தில் இருந்தனர். பிணைத்தொகை கட்ட இயலாத ஏழைப் பெண்கள் அவர்கள். நாள்தோறும் வேலைக்குச் செல்லும் முன் நிர்மலா அங்கே சென்று மாதிரிகளைச் சேகரித்தார். கையுறையோ தனிப் பாதுகாப்பு உடையோ அவரிடம் இல்லை. மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. அவற்றைப் பாதுகாக்கத் தக்க இடம் இல்லாமையால் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். இந்திய மருத்துவ வரலாற்றில் பெரியதொரு திருப்பம் ஒரு வீட்டுச் சமையற்கூடத்தின் அருகே சில காலம் காத்துக்கிடந்தது எனலாம்.

வேலூரில் தோன்றிய மஞ்சள் நிறம்

எலைசா சோதனை செய்யும் வசதி அப்போது சென்னையில் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. 1986 பிப்ரவரியில் நிர்மலா, கணவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பனிக்கட்டிப் பெட்டியில் மாதிரிகளை வைத்து இரவுத் தொடர்வண்டியில் காட்பாடிக்குச் சென்றார். அங்கிருந்து வேலூர். பேராசிரியர் ஜேக்கப் ஜான் அவர்களின் ஆய்வகத்தில் சோதனை நடந்தது.

எலைசா சோதனையில் சிறு குழிகள் கொண்ட தட்டில் மாதிரிகளை இடுவர். எதிர்ப்பொருள் உள்ள குழி நிறம் மாறும். அன்று ஆறு குழிகள் மஞ்சளாயின. ஆய்வகத்தில் இருந்தோர் தம் கண்களையே நம்பவில்லை. மீண்டும் செய்து பார்த்தனர், முடிவு மாறவில்லை. அப்பெண்களிடமிருந்து மீண்டும் குருதி எடுக்கப்பட்டு, உறுதிப்படுத்தும் சோதனைக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்தும் அதே விடை வந்தது.

செய்தி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திற்கும் அரசுக்கும் தெரிவிக்கப்பட்டது. 1986 மே மாதத்தில் தமிழ்நாட்டின் நலவாழ்வுத்துறை அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதனை அறிவித்தார். நாடெங்கும் பரிசோதனைகள் தொடங்கின. 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு உருவாயிற்று. நிர்மலா 1987இல் தம் ஆய்வேட்டை அளித்தபின் சென்னைக் கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிறுவனத்தில் பணியாற்றி 2010இல் ஓய்வு பெற்றார். அவர் பெயரைப் பல்லாண்டுகள் பலரும் அறியாமலே இருந்தனர்.

கேட்கப்படாத ஒப்புதல்

இவ்வரலாற்றில் நின்று சிந்திக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. குருதி கொடுத்த பெண்களிடம் எந்த நோய்க்கான சோதனை என்பது விளக்கப்படவில்லை. வழக்கமான பாலியல் நோய்ச் சோதனை என்றே அவர்கள் எண்ணினர். எய்ட்ஸ் என்ற சொல்லே பெரும்பாலோர் அறியாத காலம் அது. எனினும் அவர்களுடைய குருதியால் நாடு விழித்துக்கொண்டது என்பதும், அவர்களிடம் உரிய ஒப்புதல் பெறப்படவில்லை என்பதும் ஆகிய இரண்டுமே உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது.

அந்த உண்மையிலிருந்து பின்னாளைய மருத்துவம் பாடம் கற்றது. இன்று எச்.ஐ.வி. சோதனைக்கு முன்னர் ஆற்றுநர் ஒருவர் அச்சோதனை எதற்கு, முடிவு எவ்வாறு இருக்கலாம், அதன்பின் செய்ய வேண்டியது யாது என்று விளக்குவார். சோதனைக்கு வந்தவர் புரிந்துகொண்டு ஒப்பினால்தான் குருதி எடுக்கப்படும். முடிவு அவரிடமே கூறப்படும். 2017இல் இயற்றப்பெற்று 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் இதனைச் சட்ட உரிமையாகவே ஆக்கியுள்ளது. ஒப்புதலின்றிச் சோதிப்பதையும், ஒருவரது நிலையைப் பிறருக்கு வெளியிடுவதையும், கல்வி, வேலை, மருத்துவம், குடியிருப்பு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதையும் அச்சட்டம் தடுக்கிறது.

ஆய்வகத்திலிருந்து படுக்கையருகே

கிருமியைக் கண்டறிந்ததோடு சுனிதி சாலமன் நின்றிருக்கலாம். நுண்ணுயிரியல் பேராசிரியருக்கு ஆய்வகமே உலகம். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் தேவை மிகுதியும் இல்லை. ஆயினும் சோதனையில் தெரியவந்த ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு மனிதர் இருந்தார். அவர் எங்கே செல்வார்? இந்த வினா அவரை ஆய்வகத்தை விட்டு வெளியே அழைத்தது.

தொடக்கத்தில் அவருடைய கணவரே இப்பணியை விரும்பவில்லை. அம்மனிதர்களின் கதைகளை ஒருமுறை கேட்டால் நீங்களும் மறுக்கமாட்டீர்கள் என்பதே சுனிதியின் மறுமொழியாக இருந்தது. 1993இல் தம் தந்தையின் பெயரால் ஒய்.ஆர். கைத்தொண்டே எய்ட்ஸ் ஆராய்ச்சி, கல்வி மையத்தை நிறுவினார். அம்மையம் பின்னர்ச் சென்னைத் தரமணியில் உள்ள வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்தில் இயங்கிற்று. பரிசோதனை, ஆற்றுப்படுத்தல், மருத்துவம், ஆராய்ச்சி ஆகியன ஓரிடத்தில் நடைபெற்றன. எச்.ஐ.வி. உள்ள இளைஞர்கள் தமக்குள் இணையரைத் தேடி மணந்துகொள்ளவும் அவர் உதவினார். நோய் வந்தபின் வாழ்க்கை முடிந்தது என்று கருதியவர்களுக்கு வாழ்க்கை தொடர்கிறது என்பதை அவர் அவ்வாறு உணர்த்தினார்.

அதே காலத்தில் தாம்பரத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் எச்.ஐ.வி. உள்ளோர்க்குக் கதவைத் திறந்தது. அது 1928இல் காசநோய்க்காகச் சௌரி முத்து என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்டது. காசநோயாளரை ஊரார் ஒதுக்கிய காலத்தில் எழுந்த கட்டடத்தில், ஒதுக்கப்பட்ட மற்றொரு நோயாளர் கூட்டத்திற்கும் படுக்கை கிடைத்தது.

சுனிதி சாலமன் 2015 ஜூலை 28 அன்று தம் 76ஆம் வயதில் மறைந்தார். 2017இல் அவருக்கு மறைவுக்குப் பின்னான பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மருந்து வந்த கதை

நான்கு கூறுகளில் இல்லாதிருந்த மருந்து மெல்ல மெல்லவே வந்தது. 1987இல் ‘ஏ.இசட்.டி.’ என்னும் முதல் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒற்றை மருந்தை விரைவில் வெல்லும் ஆற்றல் வைரஸுக்கு இருந்தது. 1996 அளவில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவம் பயன் தந்தது. வைரஸ் தன்னைப் படியெடுக்கும் வழிகள் பல; ஒரு வழியை அடைத்தால் மற்றொன்றால் தப்பும்; பல வழிகளை ஒருங்கே அடைத்தால் பெருக இயலாது. இதுவே அம்முறையின் அடிப்படை.

ஆனால் அம்மருந்துகளின் விலை ஒருவருக்கு ஓர் ஆண்டிற்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல். 2001இல் மும்பையைச் சேர்ந்த சிப்லா நிறுவனம், ஆண்டிற்கு 350 டாலர் விலையில் அவற்றை அளிக்க முன்வந்தது. ஏழை நாடுகளில் மருத்துவம் தொடங்க அது வழிவகுத்தது. இந்திய அரசு 2004 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களிலும் தில்லியிலும் இம்மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. பின்பு நாடு முழுவதும் அது விரிந்தது. 2017 முதல், சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவாயினும், நோய் உறுதியானவுடன் மருந்து தொடங்கப்படுகிறது.

இன்று பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை போதுமானதாக இருக்கிறது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும். இடைவிடாமல் உட்கொண்டால் குருதியில் வைரஸ் அளவிட இயலாத நிலைக்குக் குறையும். அந்நிலையைத் தக்கவைப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாக நோய் பிறருக்குப் பரவுவதில்லை. மருத்துவம் பெறாத தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் செல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. உரிய மருத்துவம் பெற்றால் அது 5க்கும் கீழே குறைகிறது. எனினும் வைரஸை உடலிலிருந்து முற்றிலும் நீக்கும் மருந்து பொதுப் பயன்பாட்டிற்கு இன்னும் வரவில்லை. ஆகவே மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும்.

இத்துறை மருத்துவராவது எவ்வாறு?

எச்.ஐ.வி. மருத்துவராக விரும்பும் மாணவர், மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றைப் பயில வேண்டும். ‘நீட்’ தேர்வில் தேர்ச்சி பெற்று எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர வேண்டும். அது நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் கொண்டது. அதன்பின் பொது மருத்துவத்திலோ அதனை ஒத்த துறையிலோ எம்.டி. பட்டத்திற்கு மூன்று ஆண்டுகள். தொற்றுநோய் மருத்துவத்தில் டி.எம். என்னும் உயர் பட்டத்திற்கு மேலும் மூன்று ஆண்டுகள். எம்.பி.பி.எஸ். முடித்தோரும் தனிப்பயிற்சி பெற்று அரசின் ஏ.ஆர்.டி. மையங்களில் மருத்துவ அலுவலராகப் பணியாற்றலாம்.

பட்டங்கள் அறிவைத் தரும். இத்துறை வேண்டும் பிற பண்புகளை மாணவர் தாமே வளர்த்துக்கொள்ள வேண்டும். அவற்றுள் மூன்று இன்றியமையாதன.

முதலாவது, மறைகாத்தல். தான் அறிந்ததைத் தன் வீட்டாரிடமும் கூறாத நா இம்மருத்துவருக்கு வேண்டும். இரண்டாவது, தீர்ப்புக் கூறாமை. நோய் எப்படி வந்தது என்று வினவுவது மருத்துவம் அளிப்பதற்காகவேயன்றிக் குற்றம் காண்பதற்காக அன்று. மூன்றாவது, நெடும்பொறுமை. காய்ச்சலுக்கு வந்தவர் ஒரு வாரத்தில் நலம்பெற்றுச் செல்வார். எச்.ஐ.வி. உள்ளவர் பல்லாண்டுகள் அதே மருத்துவரிடம் வருவார். அவருடைய திருமணம், மகப்பேறு, வேலையிழப்பு, முதுமை யாவற்றையும் அம்மருத்துவர் காண்பார்.

ஊசி தவறிக் குத்திவிடுமோ என்னும் அச்சம் இத்துறைக்கு வருவோர்க்கு உண்டாவது இயல்பு. கையுறையும் முறையான பழக்கமும் அந்த இடரைக் குறைக்கும். அவ்வாறு நேர்ந்துவிட்டாலும் 72 மணி நேரத்திற்குள், இயன்றவரை உடனடியாக, தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள்கள் உட்கொண்டால் நோய் தொற்றாமல் பெரிதும் காக்கலாம்.

மருத்துவர் தனித்து இயங்குவதில்லை. ஆற்றுநர், செவிலியர், ஆய்வக நுட்பர், மருந்தாளுநர் ஆகியோரும் அவருடன் நின்றனர், இன்றும் நிற்கின்றனர். உயிரியல் படிக்க இயலாத மாணவரும் சமூகப்பணி அல்லது உளவியல் பயின்று ஆற்றுநராகலாம்.

மலையூரில் இந்நோய்

சித்திரபுரம், மூணாறு போன்ற மலையூர்களில் இந்நோயை விடத் தொலைவும் வாய்ச்சொல்லும் பெருந்தடைகளாகின்றன. தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில் ஒரு வீட்டின் செய்தி அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் இருப்பது அரிது. எனவே அருகில் மருத்துவமனை இருப்பினும் அறிந்தவர் கண்ணில் படாத இடத்தையே ஒருவர் நாடக்கூடும். போடிமெட்டு வழியாக இறங்கித் தேனிக்கோ, மறுபுறம் கோட்டயத்திற்கோ செல்ல ஒரு முழுநாள் வேண்டும். அந்நாளுக்குரிய கூலி போகும். பேருந்துக் கட்டணம் தனி. எங்கே சென்றாய் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பொய்யும் வேண்டும். மூன்றும் சேர்ந்தால் மருந்து ஒரு மாதம் தவறும். மருந்து தவறினால் வைரஸ் அதனை வெல்லக் கற்றுக்கொள்ளும்.

இந்த இடர்ப்பாட்டை அறிந்தே, உடல்நிலை சீராக உள்ளோர்க்குச் சில மாத மருந்தை ஒருங்கே வழங்கும் முறையும், பெரிய மையத்துடன் இணைந்த சிறு மையங்களில் மருந்து பெறும் முறையும் ஏற்பட்டுள்ளன. கேரளத்தில் சோதனை, ஆற்றுப்படுத்தல் மையங்கள் ‘ஜோதிஸ்’ என்றும், மருந்து மையங்கள் ‘உஷஸ்’ என்றும் வழங்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் சோதனை மையத்திற்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர். நோயின் பெயரைப் பலகையில் எழுதாமல் ஒளியின் பெயரையும் நம்பிக்கையின் பெயரையும் எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. உள்ளே செல்பவரை வெளியே நிற்பவர் அடையாளம் காணக்கூடாது என்பதே அது.

2003ஆம் ஆண்டு கேரளத்தில் எச்.ஐ.வி. உள்ள இரு குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளப் பிற பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அன்றைய நடுவண் நலவாழ்வு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் பலர் காண அக்குழந்தைகளை அணைத்துக்கொண்டார். தொடுவதால், உடன் அமர்வதால், ஒரே பாத்திரத்தில் உண்பதால், கொசுக்கடியால் இந்நோய் பரவாது என்பதை அமைச்சர் ஒரு சொற்பொழிவால் விளக்கியிருக்கலாம். அணைத்துக் காட்டியமையால் அது எல்லார்க்கும் விளங்கிற்று.

வள்ளுவர் வகுத்த நான்கு கூறுகளை இப்போது எண்ணிப் பார்க்கலாம். மருந்து வந்துவிட்டது. மருத்துவரும் உளர். நோயுற்றவர் அவரிடம் செல்லவும் வழி உண்டு. எஞ்சியிருப்பது நான்காவது கூறு, அருகில் இருப்பவர். அப்பொறுப்பிற்குப் பட்டம் எதுவும் வேண்டுவதில்லை. பக்கத்து இருக்கையில் அமரும் மாணவரே அதனை ஏற்கலாம்.

தெரிந்து தெளிவோம்

• எச்.ஐ.வி. பரவும் வழிகள்: பாதுகாப்பற்ற உடலுறவு, பரிசோதிக்கப்படாத குருதி, ஒருவர் பயன்படுத்திய ஊசியைப் பிறர் பயன்படுத்துதல், மருத்துவம் பெறாத தாயிடமிருந்து சேய்க்கு.
• டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் நாள். 1988 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது.
• எச்.ஐ.வி. பற்றிய ஐயங்களுக்கு 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் விளக்கம் பெறலாம்.

சொல்லும் பொருளும்

அழற்சி – வீக்கமும் எரிச்சலும் உண்டாகும் நிலை
எதிர்ப்பொருள் – கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள்
ஆற்றுநர் – மனத்தைத் தேற்றி வழிகாட்டுபவர்
ஒப்புதல் – இசைவு
மறைகாத்தல் – பிறர் செய்தியை வெளியிடாது காத்தல்
இடர்ப்பாடு – துன்பம், இக்கட்டு

இலக்கணக் குறிப்பு

வெளியிடாது – எதிர்மறை வினையெச்சம்
நெடும்பொறுமை – பண்புத்தொகை
செல்பவர் – வினையாலணையும் பெயர்
பரிசோதிக்கப்படாத குருதி – எதிர்மறைப் பெயரெச்சத் தொடர்

பகுபத உறுப்பிலக்கணம்

நின்றனர் – நில் (ன்) + ற் + அன் + அர்
நில் – பகுதி; ‘ல்’ ‘ன்’ ஆனது விகாரம்; ற் – இறந்தகால இடைநிலை; அன் – சாரியை; அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. நிர்மலா சேகரித்த மாதிரிகள் முதலில் சோதிக்கப்பட்ட ஊர்
(க) சென்னை (ங) வேலூர் (ச) மும்பை (ஞ) தாம்பரம்

2. எச்.ஐ.வி. அழிக்கும் வெள்ளணு வகை
(க) எலைசா (ங) ஏ.இசட்.டி. (ச) சி.டி.4 (ஞ) டோலுடெகிராவிர்

3. இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்து வழங்கத் தொடங்கிய ஆண்டு
(க) 1986 (ங) 1993 (ச) 2004 (ஞ) 2017

ஆ) குறுவினா

1. எச்.ஐ.வி.க்கும் எய்ட்ஸுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஒற்றை மருந்து பயன்தராமல் கூட்டு மருந்து பயன்தந்தது ஏன்?
3. ஊசி தவறிக் குத்திய மருத்துவர் செய்ய வேண்டியது யாது?

இ) சிறுவினா

1. ‘ஊர்க்காவலரின் வீட்டிலேயே திருடன் குடியேறியது’ என்னும் உவமையைப் பொருத்தி விளக்குக.
2. மலையூர்களில் மருந்து தவறுவதற்கான காரணங்களையும் அவற்றைப் போக்க ஏற்பட்ட முறைகளையும் எழுதுக.

ஈ) நெடுவினா

1. குருதி கொடுத்த பெண்களிடம் நோயின் பெயர் விளக்கப்படவில்லை. நாட்டுக்கு நன்மை விளையும் எனில் ஒப்புதலின்றிச் சோதிக்கலாமா? இரு பக்கமும் ஆராய்ந்து உம் கருத்தை எழுதுக.

உ) மொழியை ஆள்வோம்

1. பின்வரும் சொற்களைத் தொடரில் அமைத்து எழுதுக: மறைகாத்தல், ஒப்புதல், நெடும்பொறுமை.
2. பிரித்து எழுதுக: நோயாளர், பல்லாண்டு, தாய்நாடு.

ஊ) செயல்பாடு

அருகிலுள்ள நலவாழ்வு நிலையத்தின் செவிலியர் அல்லது ஆற்றுநர் ஒருவரிடம் அவர் இப்பணிக்கு வந்த வழியைக் கேட்டறிந்து, பத்து வினா-விடை கொண்ட நேர்காணலாக எழுதுக. நோயாளர் எவரைப் பற்றியும் வினவுதல் கூடாது.